உலகம்மாளின் பிச்சிக்கொடி

“எள்ளும் தண்ணியும் என் தம்பிக்கு இறைக்கப் போறேன். அதுக்கு உன்கிட்ட உத்தரவு கேக்கணுமாக்கும்?”

பிச்சிப் பந்தலுக்கு நடுவில் நின்று சத்தம் போட்டார் சுந்தரபாண்டி. மனைவி அகிலாண்டேஸ்வரியுடன் சிவகிரியிலிருந்து வந்திருந்தார். மறுநாள் ஆடி அமாவாசை. குற்றாலத்து அருவிக்கரையில் தம்பி குற்றாலநாதனுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, இந்தத் தென்காசி வீட்டை விற்று, தம்பி மனைவி உலகம்மாளைத் தங்கள் வீட்டு அடுப்படிக்கு அழைத்துப் போவதென்று இருவரும் தீர்மானித்திருந்தார்கள்.

உலகம்மாள் மொட்டுப் பறிப்பதை நிறுத்தவில்லை. “உசுரோட இருக்கவுகளுக்கு எள்ளு இறைப்பியளோ, அத்தான்?”

ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஊர்க்காரர்கள் பலர் காட்டு வழியாக நடந்தே திரும்பிவிட்டார்கள். மரக்கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்த குற்றாலநாதன் மட்டும் வரவில்லை. அவர் பணம் அனுப்பிய நாட்களில், கைச்செலவுக்கு ஆகுமே என்று கொல்லையில் அவள் நட்ட கொடிகள்தான் இப்போது அவளுக்குச் சோறு போட்டன. அவள் தொடுக்கும் பூவைக் குதிரைவண்டிக்கார ஹபீபுல்லா தினமும் மாலையில் குற்றாலத்துக்கு எடுத்துப் போவார். சுமங்கலி கை பட்ட பூ என்று கல்யாண வீட்டார் கேட்டு வாங்கினார்கள்.

அன்றும் ஹபீபுல்லா வந்து நின்றார். ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர்களில் அவரும் ஒருவர். சுந்தரபாண்டி அவரையே சாட்சிக்கு இழுத்தார். வழியில் கூட்ட நெரிசலில் இருவரும் பிரிந்துவிட்டோம், அதற்கு மேல் தெரியாது என்று குதிரையைப் பார்த்தபடியே சொன்னார் ஹபீபுல்லா.

அகிலாண்டேஸ்வரி உதட்டைச் சுழித்தாள். “தாலி எறங்குனா இவ கைப்பூவை எவ தலையில வைப்பா? ஏவாரம் போயிருமேன்னு செத்தவனை உசுரோட வச்சிருக்கா.”

உலகம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். சாரலில் நனைந்த நெற்றியில் குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது.

“காசுக்கா நான் பொட்டு வச்சிருக்கேன்? இன்னொரு தரம் அந்தப் பேச்சுப் பேசுனா அக்கான்னு பாக்க மாட்டேன். அவுக வருவாக. இந்த நடையில வந்து நிப்பாக. அன்னைக்கு உங்க மூஞ்சிய எங்கன கொண்டு வைக்கியன்னு பாக்கேன்.”

அடுத்த வீட்டு வாலாம்பாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி, புருஷன் வரவை நம்பி வாசலைப் பார்த்துக் கிடப்பவளிடம் இப்படியும் ஒருத்தி பேசுவாளா என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். எதிர் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சுந்தரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியை முன்னால் தள்ளாத குறையாக அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

தெரு அடங்கியது. உலகம்மாள் கடைசிச் சரத்தையும் கட்டி முடித்து, ஈரத்துணியால் மூடிக் கூடையை நீட்டினாள். ஹபீபுல்லா அதை வாங்கிக்கொண்டார். ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை.

“பாய், அன்னைக்கு நீங்க வந்து சொன்னப்போ கேக்கத் தோணல,” என்றாள் மெல்ல. “அவுகளை நீங்க பொதைச்ச எடத்துல நிழல் உண்டுமா?”