பேர் மட்டும் கேக்காதேங்கோ

முன்னாள் பெண் போராளிகளுக்கான சமாதானத் திட்டம் பலன் தந்ததா என்று மதிப்பிட, ஆக்லாந்து நகரின் ஆல்பனியிலிருந்து அதன் மறுகோடியிலுள்ள ஒடாஹுஹு மண்டபத்துக்கு வந்திருந்தாள் நிருஜா. முன்னாள் போராளி யோகராணியோ ஒற்றைச் சொல்லுக்கு மேல் வாய் திறக்கவில்லை.

“மற்றப் பக்கத்து ஆக்களோட பழகுறனீங்களோ, அக்கா?”

“ஓம்.”

“ஆரோட?”

யோகராணி வாசலைப் பார்த்தாள். இப்படியே போனால், திட்டத்தால் பயனில்லை என்றுதான் அறிக்கை எழுத வேண்டும்.

அப்போது தேத்தண்ணியும் வடையும் கொண்டு வந்த ஒருத்தி, “உன்ர மகளைப் பள்ளியில விட்டிட்டன். நீ முதல்ல சாப்பிடு!” என்று யோகராணியை அதட்டி, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

“தங்கச்சியோ?” என்றாள் நிருஜா.

யோகராணி சாவியைக் கைக்குள் பொத்தினாள். “இல்லை. சண்டையில எனக்கு எதிரில நிண்ட சிங்கள ஆமிக்காரி. தமிழ் என்னட்டத்தான் பழகினவ. பேரைச் சொன்னா அவவையும் விசாரிப்பீங்களெண்டு பயந்தன்.”

நிருஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பேரே வேண்டாமக்கா. இது போதும்.”