பட்டாணிப் பேருரை

ஜெயபாரதி மைக்கைப் பிடித்தாள். முடிகிறவரை இந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் எழுந்து போய்விடக் கூடாது. போனால் இன்று அவள் மானம் கப்பலேறிவிடும்.

பெசன்ட் நகரில் இந்த அடுக்ககத்துக்கு அவள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. காலையில் செயலாளர் லாவண்யாவின் கதவைத் தட்டி, "பச்சைப் பட்டாணியோட பயன்களைப் பத்தி நான் பேசறேன், லேடீஸை எல்லாம் கீழ ஹாலுக்கு வரச் சொல்லுங்க" என்று வலியப் போய்க் கேட்டதும் அவளேதான்.

"நீங்க டயட்டீஷியனா மேடம்?" என்று லாவண்யா வாயைப் பிளந்தாள்.

"சாப்பாட்டு லைன்தாங்க, ரொம்ப வருஷமா" என்று அடக்கமாகச் சொல்லி வைத்தாள் ஜெயபாரதி.

ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாத நேரம். ஜமக்காளம் கொள்ளாமல் பெண்கள் கூடிவிட்டார்கள். ஜெயபாரதியின் கணவர் சண்முகவேல் இரண்டு மூட்டைப் பட்டாணியை நடுவில் கவிழ்த்துவிட்டு நழுவினார்.

"சும்மா கேட்டா மண்டையில ஏறாது. ஆளுக்கு ஒரு கை அள்ளி, உரிச்சுக்கிட்டே கேளுங்க. விரலுக்கும் எக்சர்சைஸ் ஆச்சு!" என்றாள் ஜெயபாரதி.

சடசடவென்று தோல்கள் பிளந்தன. ஜெயபாரதிக்கும் நாக்கு அவிழ்ந்துகொண்டது. புரதம் என்றாள், நார்ச்சத்து என்றாள், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது என்றாள். மலச்சிக்கலுக்கு வந்தபோது சபையே குலுங்கிச் சிரித்தது.

"நேக்குப் பட்டாணி சாப்ட்டா வாயுன்னா பிடிச்சுக்கறது?" என்றாள் ஜெயஸ்ரீ மாமி.

"பெருங்காயம் இருக்க பயமேன் மாமி?"

அந்த நேரம் பார்த்து, ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் தேசம்மா கூடையோடு வாசலில் வந்து நின்றாள். "மீன்ல இல்லாத சத்தா இதுல கீது? அல்லாரும் பட்டாணியே துன்னுக்கினு கீந்தா எம் பொயப்பு இன்னாத்துக்கு ஆவறது?"

அத்தனை கைகளும் நின்றுவிட்டன. "அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேன்" என்று மாமியும் எழுந்தாள். ஜெயபாரதி மைக்கை வாயருகே இழுத்தாள். ஒருத்தி எழுந்தால் போதும், பின்னாலேயே ஊரே எழுந்துவிடும்.

"தேசம்மாக்கா, மீன்ல நார்ச்சத்து இருக்கா? கிடையாது. பட்டாணியில மீன் எண்ணெய் இருக்கா? அதுவும் கிடையாது. ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, சேர்ந்தாத்தான் குடும்பம். மத்தியானம் மீன், ராத்திரி பட்டாணி!"

"அப்டிச் சொல்லு! அது நாயம்" என்று தேசம்மா சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு குவியலை இழுத்துக்கொண்டாள்.

"மாமி, உங்களுக்கு மட்டும் ரெண்டு வேளையும் பட்டாணி. உக்காருங்க, பாலை எங்க வீட்டுக்காரர் பார்த்துக்குவார்!"

மாமியே சிரித்து உட்கார்ந்துவிட்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! அதன் பிறகு கடலலையாகப் பாய்ந்தது பேச்சு. இரும்புச்சத்து வந்தது, ஃபோலேட் வந்தது, கண்ணுக்கு நல்லது எலும்புக்கு நல்லது எல்லாம் வந்தன. குவியல் தீரும்வரை ஜெயபாரதியிடம் வைட்டமின்களும் தீரவில்லை.

"தோலை வீணாக்காதீங்க, சூப் வைக்கலாம். ஆளுக்கு ஒரு பை எடுத்துட்டுப் போங்க" என்று முடித்தபோது ஹாலே அதிரும்படி கைதட்டினார்கள். லாவண்யா ஓடிப்போய்த் தன் பட்டுத் துப்பட்டாவையே பொன்னாடையாகப் போர்த்தினாள். ஜெயபாரதிக்கு ஆனந்தத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

பெண்கள் தோலோடு கலைந்தார்கள். அண்டா அண்டாவாக முத்துப் பட்டாணியை சண்முகவேல் வேனில் ஏற்றத் தொடங்கியபோது ஜெயபாரதியின் கைப்பேசி அலறியது.

"அக்கா, சமையல் மாஸ்டர் பேசறேன். மண்டபத்துல அடுப்பு மூட்டியாச்சு! ராத்திரி ரிசப்ஷன் குருமாவுக்குப் பட்டாணி உரிக்கிற ஆளுங்க காலையில வரலைன்னீங்களே, வேற யாராச்சும் கிடைச்சாங்களா?"

"கிடைச்சாங்க மாஸ்டர். உரிச்சுக் குடுத்துட்டு, கையும் தட்டிட்டுப் போனாங்க!"