மரக்கடை ஸ்டாப்பில் ஓர் ஆபீசர்

வேட்டி, வெள்ளைச் சட்டை, கட்டை மீசை, கையில் ஒரு ஃபைல் சகிதம் மரக்கடை ஸ்டாப்பில் ஒற்றை ஆளாக நின்று கை காட்டினார் அவர். கண்டக்டர் கோமதிநாயகம் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சுற்றுமுற்றும் ஒரு பள்ளிக்கூட யூனிஃபார்மும் கண்ணில் படவில்லை. நிம்மதியாக ஒற்றை மணி அடித்து பஸ்ஸை நிறுத்தினார்.

அந்த ஸ்டாப்பில் காலை வேளையில் அவர் பஸ்ஸை நிறுத்தி வாரக்கணக்காகிறது. கார்டு வைத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பஸ் சும்மா. சும்மா வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா என்றால் அதுதான் இல்லை. மணிக்கயிற்றை இழுப்பது, சீட்டுக்கடியில் புகுந்து அடுத்தவர் செருப்பை இடம் மாற்றி வைப்பது, கோமதிநாயகத்தைப் போலவே மூக்கால் பேசிக் காட்டுவது என்று அவர்கள் ஆட்டம் தாங்காது. ஆகவே நீலச் சட்டை தெரிந்தாலே டிரைவர் கைலாஷுக்கு இரட்டை மணி அடித்துவிடுவார். நிற்காமல் போ என்று அர்த்தம்.

இதனால் பிள்ளைகள் பரீட்சைக்கு நேரங்கழித்துப் போக, பெற்றவர்கள் வந்து சத்தம் போட, விஷயம் மேலிடம் வரை போய்விட்டது. மஃப்டியில் ஒரு ஆபீசர் ஏறப்போகிறார், மாட்டினால் வித்துரா மலைப்பக்கம் தூக்கியடித்துவிடுவார் என்று நேற்றே காற்றுவாக்கில் சேதி வந்திருந்தது. ஆரியசாலையில் வீடு, மத்தியானம் மனைவி உலகம்மை கையால் மீன்குழம்பு என்று வாழ்கிற மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனாலும் ஆபீசரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று தைரியமாகத்தான் இருந்தார்.

பஸ் நின்றதுதான் தாமதம், அடுக்கி வைத்த மரங்களுக்குப் பின்னாலிருந்து நீலச் சட்டைகள் திமுதிமுவென்று ஓடி வந்தன. கோமதிநாயகம் பதறிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். மீசைக்காரர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "முதல்ல பிள்ளைங்க ஏறட்டும்" என்றார்.

கோமதிநாயகத்தின் கை அப்படியே நின்றது. ஃபைல் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. குனிந்து பார்த்தால் வேட்டிக்குக் கீழே பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸும் தெரிந்தன. எவ்வளவு வேஷம் போட்டாலும் ஆபீசர் புத்தி ஷூவை விடாதே என்று நினைத்ததும் கயிற்றை விட்டுவிட்டார்.

"ஏறுங்க மக்களே, பார்த்து ஏறுங்க" என்றார், குரலில் தேன் ஒழுக.

மக்கள் ஏறிய கையோடு வேலையை ஆரம்பித்தார்கள். அஜின் என்ற பொடியன் கயிற்றை இழுத்தான். பிரேக் போட்ட கைலாஷ் திரும்பித் திட்ட வாயெடுத்தார்.

"விடு கைலாஷே, கொச்சுப் பிள்ளை அல்லே" என்றார் கோமதிநாயகம். கைலாஷ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு கியரை மாற்றினார்.

பின்னாலிருந்து யாரோ மூக்கால், "டிக்கெட், டிக்கெட்" என்றார்கள். கோமதிநாயகம் அதற்கும் சிரித்து வைத்தார். உள்ளே எரிந்த எரிச்சலில் ஒரு பானை சோறு வெந்திருக்கும்.

ஆனால் ஒரேயடியாகக் குழைந்தாலும் ஆபீசர் என்ன நினைப்பார்? தனக்குச் சட்டமும் தெரியும் என்று காட்ட வேண்டாமா? கூட்டத்தில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக நின்ற வீரபாண்டியைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு மேலுதட்டில் நாலு மயிர் முளைத்திருந்தது.

"கார்டைக் காட்டுடே. என்ன கிளாஸு?"

"ஒம்பது."

"ஒம்பதா? இத்தனை மீசை முளைச்சப்போ எனக்குக் கல்யாணமே ஆயாச்சு. ஆதார் உண்டா? வயசைப் பார்க்கணும்."

"அவன் ஒம்பதுதான் அண்ணே" என்றாள் பக்கத்தில் நின்ற அனுஷா. "ஷேவ் பண்ணிட்டு வந்தா நம்புவீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கோமதிநாயகம் ஆதரவு தேடி மீசைக்காரர் பக்கம் திரும்பினார். "பார்த்தியளா சாரே, இதுவ பேசுத பேச்சை. இந்த உடம்பை வச்சுக்கிட்டு ஒம்பதாம் கிளாஸுன்னா யாரு நம்புவா?"

மீசைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வளர்த்தி கூடிப்போனது அவன் குத்தமா?"

"குத்தமே இல்ல சாரே. நான் வெறுதே கேட்டதாக்கும்." கார்டை வீரபாண்டியின் பையிலேயே செருகி, முதுகில் தட்டியும் கொடுத்தார். முன்சீட்டுக்காரரைக் கெஞ்சி எழுப்பி ஆபீசரை உட்கார வைத்தார். ஆபீசர் சட்டைப்பைக்குள் கையை விட்டதும் பாய்ந்து தடுத்தார். "உங்ககிட்ட டிக்கெட்டா? வேண்டாம் சாரே, எனக்குப் பாவம் வந்து சேரும்."

ஆரியசாலை வந்ததும் பள்ளிக்கூட வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அங்கே ஸ்டாப்பே கிடையாது. இறங்குகிற ஒவ்வொரு தலையையும் தடவி, "நல்லா எழுதணும் கேட்டியளா" என்று வழியனுப்பினார். பிள்ளைகள் தங்களுக்குள் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியாக மீசைக்காரர் இறங்கினார்.

கோமதிநாயகமும் கூடவே இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பயத்தில் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "சாரே, நான் பிள்ளைகுட்டிக்காரன். ரிப்போர்ட்டுல கொஞ்சம் பார்த்து எழுதணும். இனி ஒரு நாளும் மரக்கடையில நிறுத்தாமப் போகமாட்டேன். உலகம்மை மேல சத்தியம், இந்த பஸ்ஸுல உள்ள அத்தனை பேரும் சாட்சி."

மீசைக்காரர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு நன்றி.

"நாளைக்கும் மறக்காம நிறுத்துங்கண்ணே, எனக்கும் கணக்குப் பரீட்சை."