குதிரை ஆடிய நேரம்

மாலை ஆறு பத்து. மதியம் பெய்த மழை விட்டு, பசுமலையின் மேல் வானம் வெளுத்திருந்தது.

கல்லூரியின் திறந்தவெளி அரங்கில் இசைநாடகம். அமெரிக்காவின் மேற்குச் சமவெளியில் குதிரையில் மாடு மேய்த்துத் திரிந்த கௌபாய்களின் கதை. மாணவர்களுக்குப் பனையோலைத் தொப்பி. குதிரைக்காரர் காளையண்ணனின், கல்யாண ஊர்வலங்களில் ஆடும் வெள்ளைக் குதிரையும் வந்திருந்தது.

"முழங்காலால விலாவுல தட்டுனா ஆடும். தட்டாட்டி சிலையா நிக்கும்" என்று காளை ஒத்திகையிலேயே சொல்லியிருந்தார்.

குதிரைமேல் சத்யப்ரியா, வசனமில்லாத காவலர் வேடத்தில். நாயகியின் பாட்டை அவளும் பயின்றவள்தான்; வாய்ப்பு பாண்டிமீனாவுக்குப் போனது. இன்று சிறப்பாகப் பாடினால் சென்னைப் போட்டியில் இடம். தேர்வாளர் முன்வரிசையில் இருந்தார்.

பாண்டிமீனாவின் குரலில் மைதானமே அடங்கியது. கடைசிச் சரணத்துக்கு முன் கிடார் மட்டும் ஒலித்தது. திடீரென்று குதிரை ஆடத் தொடங்கியது.

"மாப்ள, குதிரைக்கு மொய் எழுதுங்கடா!"

பின்வரிசையில் ஒருவன் கத்த, கூட்டம் விசிலடித்தது. குதிரை பாண்டிமீனாவைச் சுற்றி வந்தது. சத்யப்ரியா அவள் பக்கம் குனிந்து தொப்பியைத் தூக்கினாள். குறும்பு என்று எல்லோரும் சிரித்தார்கள். குதிரை நின்றதும் பாண்டிமீனா சரணத்தைப் பாடி முடித்தாள். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

நாடகத்தை இயக்கிய பேராசிரியை கனகலட்சுமி, தேர்வாளர் முன்னாலேயே கேட்டார்.

"தட்டுனியா?"

"தட்டுனேன் மிஸ்."

"அவ பாட்டு நடுவுலயா? அம்புட்டுப் பொறாமையா உனக்கு?"

சத்யப்ரியா கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையைத் திருப்பினாள். பக்கத்தில் நின்ற பாண்டிமீனா தேர்வாளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சென்னையில பார்ப்போம்மா" என்று பாண்டிமீனாவை வாழ்த்திவிட்டுத் தேர்வாளர் புறப்பட்டார்.

மறுநாள் காலை, சத்யப்ரியா காளையின் கொட்டகைக்குப் போய்க் குதிரைக்கு வெல்லம் கொடுத்தாள்.

"திட்டு வாங்குனியாமே தாயி?"

"வாங்குனேண்ணே. உங்க குதிரைக்குப் பாராட்டுதான்."

அதே நேரம் கனகலட்சுமி, சத்யப்ரியாவை நாடகக் குழுவிலிருந்து நீக்கச் சொல்ல முதல்வர் அறைக்கு நடந்தார்.

வாசலில் அவரை மறித்து நின்றாள், இரவெல்லாம் அழுத முகத்தோடு பாண்டிமீனா.

"கடைசிச் சரணம் எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு மிஸ். நான் முழிக்கிறதப் பாத்துட்டுத்தான் அவ குதிரையத் தட்டுனா. குனிஞ்சு, காதுல வரிய எடுத்துக் கொடுத்ததும் அவதான். சென்னைக்கு அவள அனுப்புங்க."