நாடி பிடிக்கும் படம்

"பழைய காலத்து ஓவியங்களைப் பாருங்க டாக்டர். வைத்தியர்னா கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, நோயாளியோட நாடியைப் பிடிச்சுக்கிட்டு, முகத்தையே பார்த்துட்டிருப்பார். அந்த மாதிரி உங்களை வரைஞ்சு ஆஸ்பத்திரி வாசல்ல மாட்டணும்!" என்றார் ஓவியர்.

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நோயாளிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கவே மூக்கால் அழுகிறவர், படத்துக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினார்.

நோயாளியாக நடிக்க ஓர் அம்மாவைக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தார் ஓவியர். பெரிய பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அசையாதீங்க டாக்டர்! பார்வை அவங்க முகத்துலயே இருக்கட்டும்!" என்று அதட்டினார்.

எவ்வளவு நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? "உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று டாக்டர் பேச்சுக்குக் கேட்டு வைத்தார்.

அந்த அம்மா மடை திறந்தாற்போல் கொட்டித் தீர்த்தார். படியேறினால் படபடப்பாம், படுத்தால் மூச்சுத் திணறலாம். கேட்கக் கேட்க, டாக்டரின் விரல்கள் நிஜமாகவே நாடியைத் தேடின. துடிப்பு நொண்டியடித்தது.

"இது இதயக் கோளாறும்மா! இத்தனை நாள் எந்த மடையன் உங்களைப் பார்த்தான்?"

"நீங்கதான் டாக்டர். மூணு தடவை வந்தேன். வாயுத் தொல்லைன்னு மாத்திரை எழுதினீங்க."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போனார். பலகையில் ஒரு கோடுகூட இல்லை.

"எனக்கு வரையத் தெரியாதுங்க," என்று தலையைச் சொறிந்தார் ஓவியர். "இவங்க என் சம்சாரம். மூணு தடவையும் கூட வந்தது நான்தான். ஒரு தடவையாவது நீங்க நிமிர்ந்து பார்த்திருந்தா, இந்தத் தில்லுமுல்லு பலிச்சிருக்குமா?"