வரிசையில் கடைசி கேன்

"அந்த ஆளு இன்னைக்கும் வந்துட்டான் பாருங்கக்கா" என்று பல்லைக் கடித்தாள் ஜெயப்ரியா.

அஞ்செட்டி ரோட்டில் மலையை ஒட்டின ஒரு வளைவில் பாறையிலிருந்து ஊத்துத் தண்ணீர் வருகிறது. யாரோ சொருகிவிட்ட பிளாஸ்டிக் குழாய் வழியாக நூல் மாதிரி விழும். சித்திரை வெயிலில் ஒரு குடம் நிறைய பத்து நிமிஷமாவது ஆகும். ஊருக்குள் போர்த் தண்ணீர் இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் வாயில் வைக்க விளங்காது. குடிக்க வேண்டுமென்றால் இங்கேதான் வந்தாக வேண்டும்.

வந்ததும் குடத்தை வரிசையில் வைத்துவிட வேண்டும். ஆள் எங்கே போய் உட்கார்ந்தாலும் சரி, குடம் இருக்கிற இடம்தான் கணக்கு.

ஜெயப்ரியா பாகலூர்ப் பெண். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஓசூரில் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்து, கம்பெனி வண்டியில் வந்து இறங்கி, குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் மணி ஐந்தாகிவிடும். அதனால் தினமும் கடைசிக் குடம் அவளுடையதுதான்.

கடைசி என்றால், பெண்களில் கடைசி.

கோவிந்தப்பன் என்று ஒருத்தன் இருக்கிறானே, அவன் நாலு மணிக்கே வந்துவிடுவான். பழைய மொபெட்டில் ஒரே ஒரு மஞ்சள் கேன். அதை வரிசையில் வைத்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்லில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் முறை வந்தால் எழுந்து வந்து கேனைக் கடைசியில் நகர்த்தி வைப்பான். மறுபடி முறை வந்தால் மறுபடியும் கடைசி. தண்ணீர் பிடிக்க வந்தவனுக்குத் தண்ணீர் பிடிக்க என்ன கேடு?

நேற்று அதற்கும் மேலே போய்விட்டான். அவள் குடத்தோடு கிளம்பியதும், கேன் பாதிகூட நிறையாமல் எடுத்து மாட்டிக்கொண்டு, இருபதடி தள்ளிப் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். ஊர் எல்லை வரைக்கும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"நீங்கல்லாம் எப்படித்தான் இவனப் பொறுத்துக்கறீங்களோ" என்றாள்.

"அவன் அப்படித்தான், விடு ஜெயா." முன்னால் நின்ற முத்துமணி அக்கா நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

விடுவதாமே. இப்படி ஆளாளுக்கு விட்டுத்தான் இவனுங்களுக்குத் துளிர்விட்டுப் போகிறது.

குழாயடியில் இப்போது வெங்கடம்மாவின் குடம். அந்தம்மா பாறைக்குப் பின்னால் சுள்ளி பொறுக்கப் போயிருந்தாள். அடுத்தது மஞ்சள் கேன். அதற்குப் பின்னால் ஜெயப்ரியாவின் குடம்.

கோவிந்தப்பன் எழுந்து வந்தான். கேனைத் தூக்கி அவள் குடத்துக்குப் பின்னால் வைத்தான்.

"நீ முன்னாடி புடிச்சிக்கம்மா. எனக்கு அவசரமில்ல."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் போறவரைக்கும் உக்காந்து பாக்கறதுக்கா?"

அவன் திருதிருவென்று முழித்தான்.

"இந்த மாதிரி ஆளுங்கள பஸ்ஸிலயும் கம்பெனியிலயும் நெறய பாத்துட்டுத்தான் வர்றேன். தண்ணி வேணும்னா புடிச்சிட்டுக் கெளம்புங்க. பொம்பளைங்க நிக்கற எடத்துல உங்களுக்கு என்ன வேலை? உங்க வீட்ல பொம்பளைங்க இல்லையா?"

"இல்லம்மா" என்றான்.

அவ்வளவுதான். காலிக் கேனை வண்டியில் மாட்டினான். கிளப்பாமல் தள்ளிக்கொண்டே போனான். வளைவு முனையில் ஸ்டாண்ட் போட்டு, இவளுக்கு முதுகைக் காட்டி, மலைப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

சுள்ளிக் கட்டோடு வெங்கடம்மா வந்தாள். "எங்க, கோவிந்தப்பன் கேனைக் காணோம்?"

"நறுக்குன்னு நாலு கேட்டு அனுப்பிட்டேன்க்கா. அப்பவும் போறானா பாருங்க. அங்க போய் உக்காந்திருக்கான்."

வெங்கடம்மா சுள்ளியைக் கீழே போட்டாள். "என்னன்னு கேட்ட?"

"பொம்பளைங்கள எதுக்குப் பாக்கறேன்னு கேட்டேன். பின்ன என்னக்கா? தினமும் கடைசியிலதான் தண்ணி புடிக்கணும்னு அவனுக்கு என்ன வேண்டுதலா?"

"அவன் உன்னைப் பாக்கல ஜெயா. உனக்குப் பின்னாடி இருக்கற காட்டைப் பாக்கறான்." வெங்கடம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "புதுசா வந்த பொண்ணு பயந்துக்குவேன்னு நாங்க யாரும் உங்கிட்ட சொல்லல. எங்க தப்புதான். உள்ள குட்டையெல்லாம் வத்திட்டா யானை இந்த ஊத்துக்குத்தான் எறங்கும்."

ஜெயப்ரியா வளைவுப் பக்கம் திரும்பினாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"போன சித்திரையில, சோறாக்க நேரமாச்சுன்னு நாங்க எல்லாரும் அவங்கவங்க குடத்தத் தூக்கிட்டுப் போயிட்டோம். நானும்தான் போனேன். தனியா நின்ன ஒருத்திய யானை அடிச்சிருச்சு. அது அவன் பொண்டாட்டி."

வெங்கடம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னைலருந்து எந்தப் பொம்பளையையும் அவன் இந்த வரிசையில கடைசியா நிக்க விட்டதில்ல."