அவள் சிரிக்கிற இடம்

பாட்டு ஆரம்பித்துவிட்டது. இனி யாராலும் நிறுத்த முடியாது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன அரங்கு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முன்வரிசைகளில் கல்லூரிப் பிள்ளைகள், பின்னால் மயிலாப்பூர் மாமாக்கள், மாமிகள். நடுவரிசையில் ஓரத்து நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான்.

திரையில் அவள். புருஷன் அவளைக் காட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மரத்தடியில் நின்று அழுதுகொண்டே பாடுகிறாள். சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்த படம் இது. தும்மினால்கூடப் பாடித்தான் தும்முவார்கள்.

சரணத்தில் ஒரு இடத்தில் அவள் சட்டென்று மேலே பார்ப்பாள். பார்த்துச் சிரிப்பாள். பல் தெரிய, நிஜமான சந்தோஷத்தோடு. அப்புறம் மறுபடியும் அழுகை.

அந்தச் சிரிப்புதான் பிரச்சினை.

போன மாதம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினோம். நீளநீளமான பாட்டையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். மூக்காலேயே பாடுகிற ராஜாவைக்கூட மன்னித்துவிட்டார்கள். இவள் சிரித்ததும் கொல்லென்று சிரித்தார்கள். "லூசாடி இவ?" என்றாள் ஒருத்தி. அதற்கப்புறம் இவள் வாயைத் திறந்தாலே சிரிப்புதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேற்கு மாம்பலத்தில் ஜன்னலே இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் அந்தப் படத்தின் ஒலியிலிருந்து இரைச்சலைத் துடைத்தவள் நான். எந்த வரியில் அவள் மூச்சு வாங்குவாள், எந்த வரியில் தொண்டை கம்மும், எல்லாம் எனக்கு அத்துப்படி. படத்தில் அவள் பெயரைக்கூடப் போடவில்லை, படுபாவிகள்.

படத்தைப் புதுப்பிக்கக் காசு போட்டவர் ஸ்ரீவத்சன் சார். தங்கமான மனுஷர். ஆனால் நாலு பேர் சிரித்தால் தாங்க மாட்டார். மறுநாளே வந்து நின்றார்.

"அன்பு, அந்தப் பாட்டை எடுத்துடலாம்மா. இந்தக் காலத்துப் பசங்க உட்கார மாட்டா. படமே கேலிக்கூத்தாப் போயிடும்."

"இன்னா சார் நீங்க, அதை எடுத்துட்டா அந்தப் பொண்ணு படத்துல எங்க கீது?"

தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. அவளுக்கு இருப்பதே அந்த ஒரு பாட்டுதான். மற்றதையெல்லாம் ராஜாவும் நாரதரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

சார் வரும்போதே முடிவோடு வந்திருந்தார். நானும் விடுவதாக இல்லை.

அந்தக் காலத்தில் வெட்டவெளியில், கொளுத்துகிற வெயிலில்தான் படம் எடுப்பார்கள். நடிக்கும்போதே பாடவும் வேண்டும். ஆர்மோனியக்காரர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசிப்பார். நடுவில் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. இதெல்லாம் சாருக்குத் தெரிந்ததுதான். அதனால்தான் நான் அடுத்துச் சொன்னதை உடனே பிடித்துக்கொண்டார்.

"அந்த எடத்துல ஒரு காக்கா கத்துது சார். அதைப் பாத்துதான் சிரிக்கிறா. சிரிச்சிக்கினே பாட்டையும் உடாம பாடறா பாருங்க. நான்தான் இரைச்சல்னு நெனச்சி காக்காவைத் தொடச்சிட்டேன். திரும்பப் போட்டுர்றேன். இன்னும் ஒரே ஒரு தபா ஜனங்களுக்குக் காட்டுங்க. அப்பவும் சிரிச்சாங்கன்னா நானே வெட்டிக் குடுக்கறேன்."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "காக்காவா! பாவம், குழந்தை" என்றார். பாட்டு பிழைத்தது, இன்றைய கூட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கிறவரைக்கும்.

இதோ, சரணம்.

முன்வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் இருக்கிறவனை முழங்கையால் இடிக்கிறான். 

'கா' என்றது காக்கை. அவள் மேலே பார்த்தாள். சிரித்தாள். பாட்டை விடவில்லை.

"அச்சோ, செல்லம்" என்றாள் ஒரு பெண். அரங்கு முழுக்கச் சிரிப்பு எழுந்தது. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். அடுத்த வரியில் அவள் குரல் உடைந்தபோது, இடித்த பையன்கூட அசையவில்லை. பாட்டு முடிந்ததும் கச்சேரியில் தட்டுகிற மாதிரி கைதட்டினார்கள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெயிச்சிட்டடி என்று மனசுக்குள் அவளிடம் சொன்னேன்.

படம் முடிந்து வெளியே காபி கொடுத்தார்கள். "சத்தத்தையெல்லாம் சரி பண்ணினது இந்தப் பொண்ணுதான்" என்று ஸ்ரீவத்சன் சார் என்னைப் படம் பார்க்க வந்திருந்த சூடாமணி மாமியிடம் காட்டினார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியோ? அந்தக் காலத்துல காக்காகூட ஸ்ருதி சேர்ந்து கத்தியிருக்கு. இப்போவும் கத்தறதே, காது குடுத்துக் கேக்க முடியறதா?"

"ஆமா மாமி" என்றேன்.

அது எங்கள் ஸ்டுடியோ மொட்டைமாடிக்கு வருகிற காக்கை. போன அமாவாசையன்று அடுத்த வீட்டுக்காரர்கள் சோறு வைத்துக் கூப்பிட்டபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மைக்கோடு ஒளிந்திருந்து பிடித்தேன்.

அசல் படத்தில் அந்த இடத்தில் காக்கையே கிடையாது. துடைப்பதற்கு முன்னாலும் கேட்டேன், துடைத்த பின்னாலும் கேட்டேன். ஆர்மோனியமும் அவள் குரலும்தான் இருந்தன.

அவள் எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது.